நகம் மறையாத ஆழம்

நகம் முழுக்க மண்ணுக்குள் போன பிறகும் விதை தட்டுப்படவில்லை. அவள் இன்னும் தோண்டினாள். ஆள்காட்டி விரல் இரண்டாவது கணு வரை இறங்கியபோதுதான் பொடி பூசிய கடுகளவு விதைகள் இரண்டு தெரிந்தன. பக்கத்து வரிசையிலும் அப்படியே. அதற்கடுத்த வரிசையிலும் அப்படியே.

"அண்ணா! நிறுத்து!"

டிராக்டர் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய் முன்னால் நின்று கையை ஆட்டினாள். அவன் என்ஜினை அணைக்காமல் குனிந்தான்.

"என்ன? அப்பாவுக்கு ஏதாவது...?"

"அதில்ல. விதை ரெண்டு அங்குலத்துல கிடக்கு. மக்காச்சோளத்துக்கு வெச்ச ஆழத்தை நீ மாத்தவே இல்ல."

அவன் முகம் வெளிறிவிட்டது. ஐந்து ஏக்கரில் மூன்று முடிந்திருந்தது. குதிரை மசால் தீவனப்பயிரை ஒருமுறை விதைத்தால் நாலு வருஷம் வெட்டிக் காயவைத்து மாடுகளுக்குப் போடலாம். ஆனால் விதை பொடிசு, அந்த ஆழத்திலிருந்து மேலே வந்து சேர அதற்குத் தெம்பு கிடையாது. "நகம் மறையக் கூடாது" என்பது அப்பாவின் அளவு. விதைப்பு நாளில் யார் வயலிலிருந்து வந்தாலும் விரலை நீட்டச் சொல்வார். மண் நகத்தோடு நின்றிருந்தால் சாப்பாடு, தாண்டியிருந்தால் வசவு. அந்த வசவில் பெரும்பங்கு எப்போதும் அண்ணனுக்குத்தான். தலை நரைத்த பிறகும் அப்பாவுக்கு அவன் அவசரக்குடுக்கைதான்.

இன்றைக்கு விதைத்திருக்கவே வேண்டாம். ஆனால் காலையில் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல, சர்க்கரைத் தண்ணீரில் நுண்ணுயிர்ப் பொடியைக் கரைத்து விதையைப் புரட்டிவிட்டார்கள். புரட்டிய விதையை அன்றைக்கே போட்டாக வேண்டும். அது நிழலில் உலர்ந்துகொண்டிருந்தபோதுதான் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றாள். அப்பா கையை மட்டும் அசைத்தார். வயலுக்குப் போங்கள் என்று அர்த்தம்.

"என்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஆழத்தை மாத்து" என்றாள்.

"ஆஃப் பண்ணா அவருக்குத் தெரிஞ்சுடும். ஜன்னல் திறந்திருக்கு. ஏன் நின்னுச்சுன்னு கேப்பாரு."

என்ஜின் ஓட ஓடவே இறங்கி வந்து, விதைப்புக் கருவியின் கைப்பிடியை மேலே ஏற்றப் பார்த்தான். துருவேறிய ஆணி அசையவில்லை. கல்லெடுத்துத் தட்டினான். கல் நழுவி விரலில் பட்டது, ஆணியும் இளகியது.

"மூணு ஏக்கர் போச்சு. அவரு சாகப்போற நாள்லயும் நான் இதைத்தானே செஞ்சிருக்கேன்."

"மிச்சத்தையாவது ஒழுங்காப் போடு. நான் போய் அவரைப் பாக்கறேன்."

"சொல்லிடாத." அவன் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். "உனக்குப் புண்ணியமாப் போகும், சொல்லிடாத."

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அதைவிட அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வீட்டு வாசல் குழாயில் இரண்டு கைகளையும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பிறகு பூந்தொட்டியின் ஈர மண்ணில் ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் அழுத்தி எடுத்தாள். பொய் சொல்வதில் அவள் கெட்டிக்காரி இல்லை. வாயைத் திறக்காமல் சொல்லும் பொய் என்பதால் துணிந்துவிட்டாள்.

அறையில் அம்மா ஈரத்துணியால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே வெகுநேரம் ஆனது. டிராக்டர் மறுபடி நகரும் சத்தம் ஜன்னல் வழியே வந்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

"விரல்" என்றார்.

நீட்டினாள். அவர் பிடித்து முகத்தருகே கொண்டுபோய் நகத்தைப் பார்த்தார். பிறகு கையைத் திருப்பி உள்ளங்கையையும் பார்த்தார். ரேகையெல்லாம் பளிச்சென்று இருந்தது. சோப்பு வாசனை வேறு. அரைநாள் வயலில் நின்றவளின் கையா இது! காலமெல்லாம் விரல் பார்த்தவரிடம் போயா இந்த வேலையைக் காட்டினோம் என்று கூசிப்போனாள்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எவ்வளவு?" என்றார் அப்பா.

"மூணு ஏக்கர்ப்பா."

"மிச்சம்?"

"இப்ப சரியா வெச்சுட்டான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வசவு வரும் என்று காத்திருந்தாள். வந்தால் தேவலை என்றுகூட இருந்தது. திட்டுகிற அளவுக்கு உயிர் இருக்கிறது என்றாவது ஆகும்.

"அவன் கேப்பான்" என்றார். "நல்லாப் போட்டிருக்கான்னு... அப்பா சொன்னாருன்னு சொல்லு."

"அப்பா..."

"எனக்குத் தெரியும்னு சொல்லாத."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கையையும் விடவில்லை. டிராக்டர் நாலைந்து முறை போய்த் திரும்பியது. அடுத்த மூச்சுக்காக இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

அம்மா துணியைக் கிண்ணத்தில் போட்டாள். "போய் அவனைக் கூப்பிடு."

"இன்னும் கொஞ்சம்தாம்மா இருக்கு. முடிக்கட்டும்."

அம்மா தலையசைத்தாள். டிராக்டர் தானாக நிற்கும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணன் புழுதியோடு வந்து அறை வாசலில் நின்றான். கட்டிலின் காலடியில் விழுந்து அழுதான். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேட்டாரா?" என்றான்.

"விரலைப் பாத்தாரு. நல்லாப் போட்டிருக்கான்னு சொன்னாரு."

"என்னையா?"

"உன்னைத்தான்."

அவன் சிரித்தான். கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுகச் சிரித்தான். "ஏமாந்துட்டாரு பாரு. எவன்கிட்டயும் ஏமாறாத மனுஷன், கடைசியில நம்மகிட்ட ஏமாந்துட்டாரு."

அவளுக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள்.

வெளியே ஒரு கார் வந்து நின்றது. வருகிறவர்கள் உட்கார ஏதாவது வேண்டும். அண்ணனும் தங்கையும் பின்னறைக்குப் போனார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக் கிடந்தன. அவன் அடியிலிருந்ததைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ள, அவள் மேலே இருந்ததை இழுத்தாள். வரவில்லை.

"மெதுவா" என்றான் அவன். "ஆட்டி ஆட்டி இழு."