சர்க்கரையோடு வந்தால்தான் திறக்கும் கதவு

1.

வீட்டில் என்னை வாலு என்பார்கள். வயது இருபத்து மூன்று. இருப்பது வெளிநாட்டில், லாண்டரிக் கடைக்கு மேலே, நாலு கட்டில் போட்ட அறையில், ஜன்னலோரக் கட்டிலில். மற்ற மூவரும் ஷிஃப்டுக்குப் போய்விட்டார்கள். நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது.

இந்தக் கதை பிறந்தது அக்காவின் கோபத்தில். அப்பாவுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. மருந்துக்கடைக்காரர் உப்பும் சர்க்கரையும் கலந்த தூள் பொட்டலம் கொடுத்திருக்கிறார். அக்கா அதைப் பிரிக்கவேயில்லை. வெறும் உப்புத் தண்ணீர் கொடுக்கிறாள். அது போதாது என்றேன்.

"சுகர் இருக்கிற மனுஷனுக்குச் சர்க்கரைத் தண்ணியா? அங்க போனதும் டாக்டராயிட்டியா நீ?"

போனை வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவில்லை. அம்மா பேசி அனுப்பிய குரல் பதிவு மட்டும் வந்தது: "கண்ணெல்லாம் உள்ள போயிருச்சுடா. எழுந்து உக்காரக்கூட முடியல."

கடைக்குட்டியின் புத்திமதி எங்கள் வீட்டில் வாசலைத் தாண்டாது. ஆனால் கதை எழுதி அனுப்பினால் அக்கா உரக்கப் படித்தே ஆக வேண்டும். அம்மா விடமாட்டாள். அதனால்தான் கதை.

2.

'ஓர் ஊரில் ஓர் உயிரணு இருந்தது. அதைச் சுற்றிக் கொழுப்பாலான சவ்வு...'

(அப்பா தூங்கிவிடுவார்.)

'குடல் என்னும் நீண்ட தெருவிலே...'

(அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தால்?)

3.

நேராகவே சொல்கிறேன். உப்பு தானாகக் குடல் உயிரணுவின் சவ்வைத் தாண்டாது. சவ்வில் புரதக் கதவுகள் உண்டு. வயிற்றுப்போக்கின்போது மற்ற கதவுகள் மக்கர் செய்தாலும் ஒரு காவலாளி மட்டும் பெரும்பாலும் டியூட்டியில் இருப்பார்.*

(புரதம் பேசுமா? பேசாது. உப்பும் சர்க்கரையும் வந்து உட்கார்ந்ததும் உருவம் மாறி உள்பக்கம் திறக்கும், அவ்வளவுதான். இருந்தாலும் பேசட்டும்.)

"தனியாவா வந்தே? சர்க்கரையைக் கூட்டிட்டு வாப்பா."

"அவருக்கு இந்த வீட்ல தடைங்க. அக்கா உத்தரவு."

உப்பு வெளியிலேயே நின்றது. அது உள்ளே போனால்தான் தண்ணீர் பின்னாலேயே போகும். கூட வர ஆளில்லாமல் ஒரு வாசலில் நிற்பது எப்படி இருக்குமென்று எனக்கு

(இந்த வாக்கியம் வேண்டாம். இது அப்பாவின் கதை.)

* எனக்கு எப்படித் தெரியும்? நான் வேலை செய்யும் இடத்தில் இந்தத் தூளைத்தான் பொட்டலம் போடுகிறோம். சர்க்கரை குறைந்தால் மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். ஏன் என்று கேட்டதற்கு சூப்பர்வைசர் அட்டைப்பெட்டியில் படம் போட்டுக் காட்டினார்.

4.

முடிவு ஒன்று: அக்கா திட்டிக்கொண்டே பொட்டலத்தைப் பிரிக்கிறாள்.

முடிவு இரண்டு: நான் விமான டிக்கெட் தேடுகிறேன், கிடைக்க (அழி. அழி. இந்தப் போன் சொல்வதையெல்லாம் எழுதித் தொலைக்கிறது.)

மூன்றாவது என் கையில் இல்லை. அப்பா பக்கத்தில் இருப்பது நீதான்.

அக்கா, படித்தது போதும். தண்ணீர் வற்றிய உடம்புக்கு, சுகர் இருந்தாலும், இந்தக் கொஞ்சம் சர்க்கரை வேண்டும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு சுத்தமான தண்ணீரில் முழுத் தூளையும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. சுகர் இருப்பதையும் அங்கே சொல்லிவிடு.

போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு.