கவரில் ஒரு பிறை

“அக்கா, தலைவலி எங்க இருக்குன்னு மாத்திரைக்கு எப்படித் தெரியும்?”

ஏழு வயதில் மருந்துக்கடை அக்காவிடம் இப்படிக் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “அதுக்குத் தெரியாது கண்ணு. உடம்பு முழுக்கப் போகும். வலிக்கிற இடத்துல வேலை செய்யும்” என்றார். அவரும் அப்படித்தான்.

பத்தொன்பது வயதில் அவரிடமே வேலை பழகினேன். படிக்கத் தெரியாதவர்களுக்காக அக்கா மாத்திரைக் கவரில் படம் போடுவார். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை. மர அறுவை மில்லில் வேலை செய்பவரின் தூக்க மாத்திரைக் கவரில் ஒருநாள் நான் சூரியனைப் போட்டுவிட்டேன். பேச்சுவாக்கில் அதைச் சொன்னதும், அக்கா செருப்புக்கூடப் போடாமல் அவர் வீட்டுக்கு ஓடி மாற்றிக் கொடுத்தார்.

அவர் திருப்பிக் கொண்டுவந்த கவரைப் பார்த்து, “யார் கை இது?” என்று கடை முதலாளி எல்லோர் முன்னாலும் கத்தினார்.

“என் கைதான்” என்றார் அக்கா.

அலமாரிக்குப் பின்னால் நான் வாய் திறக்காமல் நின்றேன். பிறகு வந்து அக்கா கேட்டது ஒன்றுதான்: “சாப்டியா?”

பதினொரு வருடம் கழித்து ஊர் திரும்பியபோது அக்கா உயிரோடு இல்லை. கடையில் அவர் நாற்காலியில் மகள் இருந்தாள், அழுதழுது முகம் வீங்கி. நான் யாரென்று சொன்னேன்.

“மாத்திரைக்கு எப்படித் தெரியும்னு கேட்டது நீங்கதானே அக்கா? அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.”

“அன்னைக்குச் சிரிக்கவே இல்லையே!”

“கடையில மாட்டாங்க. வீட்டுக்கு வந்துதான் வயிறு வலிக்கச் சிரிப்பாங்க.”

முதலாளி செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “அழறதுன்னா வீட்டுல அழும்மா. ஒரு கவர் மாறிச்சுன்னாலும் நாளையிலேருந்து வர வேணாம்.”

அவள் முகம் கழுவ உள்ளே போனாள். மேசையில் கொடுப்பதற்குத் தயாராகக் கவர்கள் இருந்தன. ஒன்றில் தூக்க மாத்திரை. மேலே சூரியன்.

புதுக் கவர் எடுத்தேன். பிறை வரைந்தேன். மாத்திரைகளை அதற்கு மாற்றினேன். பழைய கவரை மடித்துப் பைக்குள் வைத்தேன். செய்தித்தாள் அசையவில்லை.

அவள் திரும்பி வந்தாள்.

“குடுக்கும்போது படத்தைச் சத்தமா சொல்லிக் குடும்மா. என் கை ஒருதரம் தவறியிருக்கு. உங்கம்மாதான் காப்பாத்தினாங்க.”

“சரிக்கா.”

“சாப்டியா?” என்று கேட்டேன்.