புதுச்சத்திரத்தில் நின்ற கார்

ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் அமலியைக் கிறிஸ்துமஸ் லீவுக்கு அழைத்துவர ஆன்டோ கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் காரில் கிளம்பியபோது ஜோதி மேரியும் கூடப் போனாள். அவர்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆன்டோவின் முதல் மனைவி வியாகுலமேரி காமாலையில் இறந்து மூன்று வருஷம் கழித்து நடந்த கல்யாணம். ஜோதிக்கு முப்பத்தொன்பது வயது. அவளுக்கு இதுதான் முதல் கல்யாணம்.

ஹாஸ்டல் வாசலில் அமலி பையோடு நின்றிருந்தாள். பிள்ளை அப்பா பக்கத்தில் உட்காரட்டும் என்று ஜோதி முன்சீட்டிலிருந்து இறங்கிப் பின்னால் மாறிக்கொண்டாள். அமலியோ பையை முன்சீட்டில் போட்டுவிட்டு, தானும் பின்னால் ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். ஆன்டோ கண்ணாடியில் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

பன்னிரண்டு வருஷத்து வெள்ளைக் கார். பி.முட்லூர் தாண்டியதும் மழையில் பெயர்ந்துகிடந்த ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது சட்டென்று நின்றுவிட்டது. திரும்பச் சாவியைத் திருகினால் உடனே ஓடியது. புதுச்சத்திரத்தில் வேகத்தடை ஏறியதும் மறுபடி நின்றது. இந்தத் தடவை என்ன செய்தும் கிளம்பவில்லை. நல்லவேளையாக எதிரிலேயே ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. ஆன்டோவும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த இருவரும் சேர்ந்து தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்கள்.

ஷெட்டுக்காரர் சிங்காரம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பின்சீட்டிலிருந்து இறங்கிய இருவரையும் பார்த்தார்.

"டிரைவரு, பானட்டத் தூக்குங்க. பார்ட்டிய அப்படி நெழல்ல குந்தச் சொல்லுங்க."

அமலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அந்தப் பெண் சிரித்து ஜோதி பார்த்தது அன்றுதான்.

"டிரைவர்தான்," என்றார் ஆன்டோ. "பதினெட்டு வருஷமா சம்பளமில்லாம ஓட்டுறேன்."

பள்ளத்தில் குலுங்கும்போதுதான் நிற்கிறது என்று கேட்டதும் சிங்காரம் ஒயர்களைத்தான் பார்த்தார். எஞ்சின் பக்கம் எட்டிக் கையை விட்டு ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். வண்டி கிளம்பியது. கையை லேசாக அசைத்தார். நின்றுவிட்டது.

"இதான் சார். எஞ்சின் சுத்துதான்னு பாத்துச் சொல்ற சென்சாரு. இதுலேர்ந்து சேதி வரலன்னா பெட்ரோலும் வராது, நெருப்பும் வராது. சென்சார் நல்லாத்தான் இருக்கும்போல. கனெக்டர்ல லாக்கு ஒடஞ்சி போயிருக்கு, யாரோ டேப் சுத்தி வெச்சிருக்காங்க. ஒயரு உள்ளாற அறுந்திருக்கு."

"கனெக்டர் உங்ககிட்ட இருக்குதா?"

"இல்ல சார். சிதம்பரத்துல பழைய வண்டி பிரிக்கிற கடை இருக்கு. இத எடுத்துட்டுப் போயி, இதே மாதிரி ஒயரோட வெட்டி வாங்கியாங்க. கரண்டும் நாலு மணிக்குத்தான் வரும். அதுக்கப்புறம்தான் ஈயம் பத்தவைக்க முடியும்."

வெட்டப் போனவர் நின்றார். இரண்டு ஒயர்களும் எண்ணெய் ஊறி ஒரே கருப்பாக இருந்தன. மாற்றி இணைத்தால் வண்டி கிளம்பாது. ஒன்றில் அடையாளம் வேண்டும் என்றார். அமலி பையிலிருந்து சிவப்பு நகப்பாலீஷை எடுத்துக் கொடுத்தாள். ஒயரில் நன்றாக மேலே தள்ளி ஒரு பொட்டு, கனெக்டரில் அதே பக்கம் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் வெட்டினார். அதைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு ஆன்டோ பஸ் ஏறினார்.

"வெயில்ல நிக்காதம்மா," என்றார் சிங்காரம் அமலியிடம். "அம்மாவையும் கூட்டிக்கிட்டு உள்ள வந்து பெஞ்சில ஒக்காரு."

"அவுங்க எங்கம்மா இல்ல."

சிங்காரம் திருதிருவென்று விழித்துவிட்டு, ஓரமாக நின்ற மினிலாரிக்கு அடியில் ஸ்பேனரோடு போய்ப் படுத்துக்கொண்டார். ஜோதி பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ரோட்டில் போகும் பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அமலி இன்னும் வெயிலிலேயே நின்றாள்.

"அமலி, வா. நீ சொன்னதுல தப்பில்ல. உங்கம்மாதான் உனக்கு அம்மா. அந்த எடத்துக்கு நான் வரல."

"அத்தைங்க எல்லாம் அம்மான்னு கூப்புடணும்னு சொல்றாங்க."

"அவுங்க சொல்லிட்டுப் போறாங்க. உனக்கு வாய் வந்தா கூப்புடு, இல்லன்னா வேணாம். சும்மா வாங்க, போங்கன்னு பேசு. அது போதும் எனக்கு."

அமலி வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். கையில் பாலீஷ் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"கையக் குடுங்க."

"எனக்கா? ஐயையோ, நான் போட்டதே இல்ல."

"ஏன்?"

"எங்கப்பா பக்கவாதத்துல படுத்தப்போ எனக்கு உன் வயசு. பீ கழுவி, சோறு ஊட்டி... நகம் வளத்தா அவருக்குக் கீறிடும். ஒட்ட வெட்டிக்குவேன். அவரு போன பெறவும் அதே பழக்கம்."

அமலி அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலிலிருந்து தொடங்கினாள். குனிந்த தலை நிமிரவேயில்லை.

"அம்மாவுக்குக் கடைசியில நான்தான் ஊட்டுனேன்," என்றாள். "கஞ்சிதான் எறங்கும். அதுவும் ரெண்டு வாயில துப்பிடுவாங்க. எனக்குக் கோவம் வந்துடும். ஒருநாளு கரண்டிய வீசிட்டேன்."

"நானும் வீசியிருக்கேன்."

அமலி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒருதடவ இல்ல," என்றாள் ஜோதி. "வீசிட்டு, பின்கட்டுல போயி அழுதுட்டு, திரும்பக் கழுவி எடுத்துட்டு வருவேன். எங்கப்பா எதுவும் நடக்காத மாதிரி வாயத் தொறப்பாரு."

அமலியின் பிரஷ் நழுவிப் பாலீஷ் விரலில் இழுத்துக்கொண்டது. ஜோதி அதைத் துடைக்கவில்லை. மற்றக் கையால் அந்தப் பெண்ணின் முதுகை மெல்லத் தடவினாள். அமலி விலகவில்லை.

ஆன்டோ கனெக்டரும் மூன்று பொட்டலம் எலுமிச்சை சாதமும் வாங்கிக்கொண்டு வந்தார். மனைவியின் விரல்களைப் பார்த்தார், மகளின் சிவந்த கண்களைப் பார்த்தார். "சாப்புடுங்க," என்று பொட்டலங்களை நீட்டினார்.

கரண்ட் வந்ததும் சிங்காரம் வேலையைத் தொடங்கினார். பழைய ஒயரைச் சீவினால் உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "கடலோர வண்டி. உப்புக் காத்து உள்ள பூந்துடுச்சி," என்று இன்னும் கொஞ்சம் வெட்டினார். பளிச்சென்று செம்பு தெரிகிறவரை வெட்டிக்கொண்டே போனார். அமலி டார்ச் அடித்தாள். நீளம் போதாததால் இடையில் புது ஒயர் சேர்த்து, பழைய கனெக்டரோடு ஒத்துப்பார்த்து, பொட்டு வைத்த பக்கமே வரும்படி முறுக்கி, ஈயம் பற்றவைத்து, மேலே ரப்பர் குழாயை ஏற்றிச் சூடுகாட்டிச் சுருங்கவைத்தார். கனெக்டரைச் சென்சாரில் அழுத்தியதும் 'டக்'கென்று லாக் விழுந்தது.

ஆன்டோ சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே கிளம்பியது. சிங்காரம் ஒயரைப் பிடித்து ஆட்டினார், இழுத்தார், பானட்டில் ஓங்கித் தட்டினார். எஞ்சின் சத்தம் மாறவில்லை.

ஆலப்பாக்கம் வழியெல்லாம் பள்ளம்தான். வண்டி எங்கும் நிற்கவில்லை. கடலூர் ஓல்டு டவுனை நெருங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. கல்லறைத் தோட்டத்தின் கேட்டருகே ஆன்டோ தானாகவே நிறுத்தினார். ஹாஸ்டலிலிருந்து வரும்போதெல்லாம் அமலி அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். போன தடவை ஜோதி காருக்குள்ளேயே இருந்துவிட்டாள். இன்றும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அமலி இறங்கிச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"வாங்க. உள்ள ஒரே சேறா இருக்கும். செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கோங்க."