அப்பாவின் நம்பர்

என் தம்பி சசிதரனின் கல்யாணத்தை எங்கே வைப்பது என்பதை ஒரு கம்ப்யூட்டர் கேம் முடிவு செய்யப்போகிறது என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட.

சசிக்கு ஜொகூர் பாருவில் வேலை. பெண் யுவனேஸ்வரிக்கும் அந்த ஊர்தான். நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல்யாணத்தை அங்கேயே ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று இவன் சொன்னபோது எனக்கு வந்ததே ஒரு கோபம்! எங்கள் அம்மா நீலாவதிக்குக் காதுக்குள் ஏதோ கோளாறு. வண்டி நாலு வளைவு திரும்பினால் போதும், வாந்தியும் மயக்கமும்தான். மலைமேல் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பக்கத்து ஊரான தானா ராத்தா கிளினிக்குக்குப் போய் வந்தாலே மறுநாள் படுக்கையை விட்டு எழமாட்டார். மலையை விட்டு இறங்கி ஜொகூர் வரைக்கும் எப்படிப் போவார்? பெற்ற மகன் தாலி கட்டுவதைப் போனில் பார்க்க வேண்டுமா?

"நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயில்லயே வை" என்றேன்.

"கோயில்ல எத்தன பேரு நிக்க முடியும்க்கா? அவங்க சைடே பெரிய கூட்டம் லா."

"கூட்டம் நின்னு பாக்கட்டும். அம்மா உக்காந்து பாக்கும்."

"நீ சொன்னாத்தான் சட்டம். சின்னதுலேருந்து இதே கத!"

போனை வைத்துவிட்டான். நானும் கூப்பிடவில்லை. எனக்குக் கோபம் வருவது சீக்கிரம், போவதுதான் மெதுவாக. இதற்கிடையில் அம்மா தன் பாட்டுக்குக் கோயில் பூசாரியிடம் போய், "எம்மவன் கல்யாணம் இங்கதான், தேதி அப்புறமா சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அப்போதுதான் சசியே கூப்பிட்டான். "அக்கா, பழைய மாதிரி கோட்டையில தீத்துக்குவோமா?"

கோட்டை என்பது நாங்கள் வைத்த பெயர். முன்பு தோட்டத்தை நிர்வகித்த துரை மாற்றலாகிப் போனபோது ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறிந்தார். கொழுந்து லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா அதை லோரியிலேயே ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குள் ஒரு சிடி, அதில் ஒரே ஒரு கேம். ஒரு ராஜாவின் தீவில் மாட்டிக்கொண்ட மாலுமி, விளக்கு, கயிறு, சாவி என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, கோட்டைக்குள் நுழைந்து கிரீடத்தை எடுக்க வேண்டும். எனக்கும் சசிக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். மவுஸைப் பிடிக்கவே நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கடைசிக் கோழித் துண்டு யாருக்கு, ஜன்னலோரப் படுக்கை யாருக்கு, எல்லாச் சண்டையையும் மாறி மாறி ஆடி, கடிகாரம் பார்த்துக் கோட்டையில்தான் தீர்த்தோம். எப்போதும் நான்தான் ஜெயிப்பேன். விளக்கு ரொட்டிக்கடைக்குப் பின்னால், சாவி மணிக்கூண்டுக்கு அடியில். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

"யாரு மொதல்ல கிரீடத்த எடுக்கறாங்களோ, அவங்க சொல்ற எடத்துல கல்யாணம். சரியா?"

"சரி" என்றேன். அவன் முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"ஆனா பழைய கோட்டை இல்லக்கா. ரேண்டமைசர்."

அங்கே ஆரம்பித்தது என் கிரகம். சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவதைப்போல, கேமில் இருக்கும் சாமான்களை எல்லாம் இடம் மாற்றிக் கலைத்துவிடும் ஒரு புரோகிராமாம் அது. விளக்கு இருந்த இடத்தில் கயிறு இருக்கலாம், கயிறு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எனக்கு மனப்பாடமானது எதுவும் உதவாது. திருட்டுப் பயல்.

நான் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. சம்பளம், கொழுந்து எடை, எல்லாம் கம்ப்யூட்டரில்தான் தட்டுகிறேன். ஆனால் அந்தச் சனியனை லேப்டாப்பில் ஏற்றுவதற்குள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிட்டது. அவன் அனுப்பியதைத் திறந்தேன். திறந்த கையோடு ஃபைல் காணாமல் போனது.

"ஆன்டிவைரஸ் தின்னுருச்சுக்கா."

"ஏன், அதுக்குச் சோறு போடலியா?"

அதை அணைக்கச் சொன்னான். அணைத்தேன். இப்போது ஒரிஜினல் கேம் எங்கே என்று கேட்டது. அம்மாவின் ஊசி நூல் டின்னிலிருந்து பழைய சிடியைத் தேடி எடுத்தால், லேப்டாப்பில் சிடி போட வாய் இல்லை. ஆபீஸிலிருந்து சிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வந்து காப்பி எடுத்தேன். அப்போதும் ஒரிஜினல் கேம் கிடைக்கவில்லை என்றது. கண்ணுக்கு எதிரே இருக்கிறதே! "வேற ஃபோல்டர்ல போட்டிருக்கக்கா" என்றான் சசி. அந்த ஃபோல்டர் எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மத்தியானம் போனது.

பிறகு செட்டிங் பக்கம் வந்தது. பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள். எதில் டிக் வைப்பது, எதை எடுப்பது, தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"லாஜிக்னு போட்ட பெட்டியில கைய வச்சிறாதக்கா. அந்த டிக்க எடுத்துட்டா, சாவி அது தொறக்க வேண்டிய ரூமுக்குள்ளயே போய் உக்காந்துக்கும். அப்புறம் செத்தாலும் முடிக்க முடியாது."

"கடைசில ஒரு நம்பர் கேக்குதுடா."

"ரெண்டு பேரும் ஒரே நம்பர் போட்டா ஒரே மாதிரி கலையும். அப்பதான் போட்டி ஞாயமா இருக்கும். அப்பா நம்பர போடு. நெனவிருக்குல்ல?"

"அத மறப்பேனாடா?" என்று சொல்லிக்கொண்டே தட்டினேன். நூற்று எழுபத்தாறு.

ஒருவரை ஒருவர் எதுவும் கேட்கக்கூடாது என்பது ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் ஆரம்பித்தோம்.

ஐயோ, அந்தத் தீவு! நான் வளர்ந்த வீட்டுக்குள் யாரோ புகுந்து சாமானை எல்லாம் மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. ரொட்டிக்கடைக்குப் பின்னால் படகின் துடுப்பு. மணிக்கூண்டுக்கு அடியில் ஒரு முட்டை. ராஜாவிடம் போய் நின்றால் கையில் துடைப்பத்தைக் கொடுக்கிறார். அது எதற்கு என்று தெரியாமல் தீவு முழுக்கத் துடைப்பத்தோடு அலைந்தேன். வேலை முடிந்து வந்து சாயங்காலம் சாயங்காலம் உட்கார்ந்ததுதான் மிச்சம், சாவி கிடைக்கவில்லை, விளக்கு கிடைக்கவில்லை.

"ஆபீஸ் வேலையாம்மா?" என்று அம்மா தேநீர் வைத்துவிட்டுப் போவார். "ஆமாம்மா" என்பேன். "சசி கல்யாணத்துக்குக் கோயில் வாசல்ல வாழமரம் யாரு கட்டறது? பக்கத்து வீட்டு வீரப்பன்கிட்ட சொல்லவா?" என்பார். நான் மவுஸை இன்னும் வேகமாகத் தட்டுவேன்.

நடுவில் அந்தப் பயல் வாட்ஸப்பில் குரல் அனுப்பினான். "கிணத்துல எறங்குனேன்க்கா. அடேங்கப்பா!" அவ்வளவுதான், ஒரே சிரிப்பு. நான் ஓடிப்போய்க் கிணற்றில் இறங்கினேன். ஓர் அழுகிய மீன் கிடந்தது. என்னை ஏமாற்றி நேரத்தை வீணாக்கப் பார்க்கிறான் என்று பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில் வந்தான். முகமெல்லாம் பல். கிரீடத்தோடு நிற்கும் மாலுமியைத் திரையில் காட்டினான்.

அடுப்படியில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். என் மனதில் அந்த வாழைமரம்தான் வந்தது.

"வெளக்கு எங்கடா இருந்துச்சு?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"கிணத்துலதான். அதான் சொன்னேனே."

"பொய் சொல்லாத. கிணத்துல அழுகின மீனுடா!"

"நான் ஏன்க்கா பொய் சொல்றேன்? இங்க பாரு."

"நீ இங்க பாரு!" லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நான் ஏதோ பெட்டியில் கை வைத்துவிட்டேன் என்றான். நீதான் திருட்டு வேலை செய்தாய் என்றேன். பெட்டிகளை ஒன்றொன்றாக ஒத்துப் பார்த்தோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கடைசியில் நம்பரை வாசித்தேன்.

"நூத்தி எழுபத்தாறா? அது யாரு நம்பர்?"

"அப்பா நம்பர்டா."

"அப்பா நம்பர் எட்டாயிரத்து முந்நூத்தி நாலு!"

அது லோரியின் நம்பர். அப்போதுதான் விளங்கியது. சசி பிறந்த வருடம்தான் அப்பாவுக்கு லோரி ஓட்டும் வேலை கிடைத்தது. இவனுக்குத் தெரிந்ததெல்லாம் லோரிக்கார அப்பா. எட்டாயிரத்து முந்நூற்று நாலு வளைவில் ஏறி வருவதைப் பார்த்தால் பள்ளிக்கூட வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடுவான்.

"அது லோரி நம்பர். அப்பாவுக்குன்னு தோட்டத்துப் பேரேட்டுல செக்ரோல் நம்பர் ஒண்ணு இருந்துச்சுடா. நீ பொறக்கறதுக்கு முந்தி அவரு வெளிக்காட்டு வேலதான பாத்தாரு? கவாத்து வெட்டறது, மருந்தடிக்கறது, எல்லாம். விடியறதுக்கு முந்தி ஆளெண்ணற பெரட்டுக்குப் போய் வரிசையில நிக்கணும். பேரச் சொல்லியா கூப்புடுவாங்க? கங்காணி நம்பரத்தான் கத்துவாரு. நூத்தி எழுபத்தாறுன்னா அப்பா 'இருக்கேன்'னு கொரல் குடுப்பாரு. லைன் வீட்டுல படுத்திருக்கற எனக்குக் கேக்கும்."

லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டினேன்.

"அக்கா," என்றான். குரல் வேறு மாதிரி இருந்தது. "அப்பா செத்த அன்னிக்கு, தூக்கறப்ப... சின்னையா மாமா அப்பா தலமாட்டுல குனிஞ்சு என்னமோ நம்பர் சொல்லிக் கத்துனாரே?"

"நூத்தி எழுபத்தாறு, எந்திரிப்பான்னாரு. ரெண்டு பேரும் பெரட்டுல பக்கத்துப் பக்கத்துல நின்னவங்க."

"குடிச்சிட்டு ஒளறாருன்னு நெனச்சேன்க்கா. கையப் புடிச்சி வெளிய கொண்டு போய் விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனும் மூக்கை உறிஞ்சினான். நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு தீவில் அலைந்திருக்கிறோம். போட்டி என்ன போட்டி? யார் ஜெயித்தது, யார் தோற்றது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறதே.

"நீ மொதல்ல முடிச்சிட்ட. பேச்சு பேச்சுதான். மண்டபத்துலயே வை" என்றேன். அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னேன்.

"சின்னையா மாமா ஜொகூருக்கு வருவாராக்கா?"

"அவருக்கு எங்கடா நடக்க முடியுது? கோயில் வரைக்கும் வந்தா பெருசு."

"சரி, நான் அப்புறம் கூப்புடறேன்" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டான். வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"கிணத்துல மீன்தான்க்கா இருக்கு."

"நான் பொய் சொல்லுவேனாடா, மடையா?"

"உன் நம்பர் போட்டு வெளாடறேன். தொடப்பம் எதுக்குன்னு மட்டும் சொல்லிறாத." அதே மூச்சில், "பூசாரி போன் நம்பர் அனுப்பு. யுவனாகிட்ட ராத்திரியே எல்லாத்தையும் சொன்னேன். தாலி மலையில கட்டிக்குவோம், விருந்து ஜொகூர்ல வச்சிக்குவோம்னு அவதான் சொன்னா. அவங்க வீட்டுல பஸ் புடிச்சி வராங்களாம். சின்னையா மாமா பத்திரிகைய யார்கிட்டயும் குடுத்து விட்டுறாத. நான் வந்து என் கையால வைக்கணும்."

நான் போனைப் பிடித்தபடியே அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, கல்யாணம் நம்ம கோயில்லதான்!"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதத்தான் நான் பூசாரிகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேனே. இப்ப என்னா புதுசா?"

திரும்பிவந்து லேப்டாப்பைத் திறந்தேன். பழைய நம்பரை அழித்துவிட்டு, எட்டாயிரத்து முந்நூற்று நாலு என்று தட்டினேன். நேராகக் கிணற்றுக்குப் போனேன். விளக்கு அங்கேதான் இருந்தது.