தோளில் நாலு விரல்

ரெமிஜியஸின் முகத்தில் ஓஸ்வால்ட் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார்.

பிணத்தின் முகத்தில் இல்லை. பிணம் நாலு தெரு தள்ளி அதன் சொந்த வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தது. இது மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி. மருந்து தடவி, மேலே படத்தை வைத்து, வெளிச்சம் காட்டிய அச்சு ஸ்கிரீன். தண்ணீர் பட்டால், வெளிச்சம் படாத இடத்து மருந்தெல்லாம் கரைந்து வழி விடும். அந்த வழியாகத்தான் மை இறங்கும்.

முதலில் புருவம் திறந்தது. அப்புறம் மீசை. அப்புறம் பல். ஐம்பத்தெட்டு வயதில் செத்த தம்பி, நாற்பத்தாறு வயதுச் சிரிப்பைச் சிரித்தான்.

"செத்தும் இளிக்கிறான் பாரு" என்று முனகிக்கொண்டே ஓஸ்வால்ட் குழாயைத் தோள் பக்கம் திருப்பினார். அங்கே நாலு விரல் திறந்தது.

குழாயை மூடினார்.

நேற்றுச் சாயங்காலம் காப்பி டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. அவ்வளவுதான் ரெமிஜியஸின் சாவு. படுக்கவில்லை, இழுக்கவில்லை, யாருக்கும் பீத்துணி அலசும் வேலை வைக்கவில்லை. சாவிலும் கொடுத்துவைத்தவன் என்றுதான் சேதி கேட்டதும் ஓஸ்வால்டுக்குத் தோன்றியது. அதற்காக அவர் வெட்கப்படவில்லை. தோன்றியது தோன்றியதுதான்.

காலையில் போய்ப் பார்த்தார். பெங்களூரின் ஆஸ்டின் டவுனில் பாதி அந்தத் தெருவில் நின்றது. ஃபுட்பால் கிளப், கேரம் கிளப், கோயில் பாடகர் குழு, ஆட்டோ ஸ்டாண்டு, பேக்கரிக்காரர்கள். ரெமிஜியஸ் டி-ஷர்ட்டோ தொப்பியோ அடித்துக் கொடுக்காத கூட்டம் அங்கே ஒன்றுகூட இல்லை. ஒரு பெண் சாவிக்கொத்தை உயர்த்திக் காட்டி அழுதாள். "எங்க பாப்பா ஞானஸ்நானத்துக்கு ரெமி அண்ணன் பேர் போட்டுக் குடுத்தது இது." சாவிக்கொத்துக்குக்கூடவா அழுவார்கள்? தம்பி மனைவி மௌரீன் பெட்டிமேல் தலையைச் சாய்த்திருந்தாள். யாரைக் கவனிக்கும் நிலையிலும் அவள் இல்லை. கூடப் பிறந்தவர் வந்திருக்கிறாரே என்று ஒருவரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. ஓஸ்வால்ட் பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நாம் செத்தால் யார் வருவார்கள் என்று யோசித்துப் பார்த்தார். அவர் அடிப்பது மாவுப் பை, கோழித் தீவனச் சாக்கு. மாவு மில்காரன் வருவான். அதுவும் பாக்கிப் பை எப்போது வரும் என்று கேட்க. பெட்டியைத் தூக்க ரெமிஜியஸ் கூட்டத்திலிருந்துதான் நாலு பேரை இரவல் வாங்க வேண்டியிருக்கும்.

அரை மணி நேரத்தில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே ஃபுட்பால் கிளப் செகரெட்டரி லாயிட் ஸ்கூட்டரில் ஒரு மூட்டையோடு வந்து நின்றான்.

"அங்கிள், நாற்பது டி-ஷர்ட். ரெமி அங்கிள் ஸ்டாக்தான். டோர்னமெண்டுக்குன்னு வாங்கி வெச்சிருந்தாரு. மூணு மணிக்குப் பெட்டி எடுக்கிறோம். பசங்க எல்லாம் அவர் போட்டோ போட்ட டி-ஷர்ட்லதான் நடக்கணும்னு முடிவு."

"அவன் கடையில ஆள் இல்லியா? ஜெயராஜ் எங்க போனான்?"

"ஜெயராஜ் அண்ணன் கடைப் படியில உக்காந்து அழுதுட்டே இருக்காரு. கையெல்லாம் நடுங்குது அங்கிள். அவரால ஆகாது."

இதுவும் சுருக்கென்றது. ஓஸ்வால்ட் தம்பியை விட்டுப் பிரிந்த பிறகு அவர் இடத்துக்கு வந்த வேலையாள்தான் ஜெயராஜ். கூலிக்கு நின்றவனுக்குக் கண்ணீர் கொட்டுகிறது. ஒரே வயிற்றில் பிறந்தவருக்கு ஒரு சொட்டு வரவில்லை.

லாயிட் உறையிலிருந்து ஃபிலிமை எடுத்துக் கொடுத்தான். "கம்ப்யூட்டர் சென்டர்ல போட்டது. கடையில மாட்டியிருந்த போட்டோ. எண்பத்தாறுல கப் அடிச்ச அன்னிக்கு எடுத்ததாம். பக்கத்துல யாரோ நின்னுட்டிருந்தாங்க, கட் பண்ணிட்டோம். கை மட்டும் ஸ்வல்ப, கொஞ்சூண்டு, நின்னுடுச்சு. நீங்க எடுத்துடுவீங்கல்ல?"

"யாரோவா?"

"பழைய பிளேயர் யாராச்சும் இருக்கும் அங்கிள். தலை நெறைய முடி."

ஓஸ்வால்டின் கை வழுக்கைக்குப் போகப் பார்த்தது. இறக்கிக்கொண்டார். "வெட்டின மிச்சம் எங்க?"

"மிச்சமா? கம்ப்யூட்டர்லதான் அங்கிள் கட் பண்ணது. போட்டோ முழுசா அப்படியே இருக்கு."

ஓஸ்வால்ட் நம்பவில்லை. கத்தரி படாமல் எப்படி வெட்டுவான்? பன்னிரண்டு வருஷமாக அந்தக் கடைப் படியை மிதிக்காதவர் அவர். அங்கே சுவரில் என்ன தொங்கியது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

போட்டோ எடுத்த நாள் மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போது இரண்டு பேருக்கும் ஒரே மேஜை. ஓஸ்வால்ட் ஸ்கிரீன் போடுவார், மை கலக்குவார், இழுப்பார். ரெமிஜியஸ் சைக்கிளில் சுற்றி ஆர்டர் பிடிப்பான், பேசுவான், சிரிப்பான். கப் ஆட்டத்துக்குப் பதினொரு ஜெர்ஸி அடித்துக் கொடுத்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆன பிறகுதான் ஓஸ்வால்ட் பார்த்தார், ஆறாம் நம்பரைத் தலைகீழாக அடித்திருக்கிறார். மைதானத்தில் இரண்டு ஒன்பது ஓடுகிறது, ஆறைக் காணோம். தம்பி தோளில் கையைப் போட்டு அவன் காதோடு, "டேய், நம்ம டீம்ல ரெண்டு ஒம்பதுடா. ரெஃப்ரி எண்ணத் தெரியாதவன், கம்முனு இரு" என்றார். ரெமிஜியஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் போட்டோக்காரன் அமுக்கினான்.

ஊரே கொண்டாடும் அந்தச் சிரிப்பு ஓஸ்வால்ட் மூட்டிவிட்ட சிரிப்பு. யாருக்குத் தெரியும்?

கப் ஜெயித்ததும் கேப்டன் மைக்கைப் பிடித்தான். ஜெர்ஸி அடித்துக் கொடுத்த ரெமி அண்ணன் மேடைக்கு வர வேண்டும் என்றான். ரெமி அண்ணன் போனான். மாலையை வாங்கிக்கொண்டான், கும்பிட்டான், இறங்கினான். என் அண்ணன் அடித்தது என்று ஒரு வார்த்தை வரவில்லை. நகக்கண்ணில் மையோடு ஓஸ்வால்ட் கீழே நின்றார். திங்கட்கிழமை பிரிந்தாகிவிட்டது. மேஜை இவருக்கு, கிளப்புகள் அவனுக்கு. அதன் பிறகு ரெமிஜியஸ் இரண்டு தடவை இந்த வாசல்வரை வந்தான். ஓஸ்வால்ட் உள்ளே உட்கார்ந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னார்.

"என்ன வெச்ச கண்ணு வாங்காம பாக்கறீங்க?" மனைவி மரியா காப்பியோடு வந்தாள். "அந்தக் கைய எடுக்கணும்னு சொன்னான்ல அந்தப் பையன்?"

"தெரியும்."

சின்ன பிரஷை மருந்தில் தோய்த்தார். இரண்டு நிமிஷ வேலை. விரல் மேல் மருந்தைப் பூசினால் துளை அடைந்துவிடும், மை இறங்காது. பிரஷ் விரல்களுக்கு மேலே போய் நின்றது. மரியா குனிந்து பார்த்தாள். நடுவிரல் மோதிர விரலைவிட உயரமாக இல்லை. அந்த நுனியை, இள வயதில் அவர் வேலை பார்த்த மில்லின் மெஷின் என்றைக்கோ தின்றிருந்தது.

"அட, இது உங்க கை."

"ம்."

"அவனுக்குத் தெரியலியா?"

"யாரோன்னான்."

மரியா டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"அவனுங்க வெட்டினது பத்தாதாம். மிச்சத்த நானே அழிக்கணுமாம்" என்றார் ஓஸ்வால்ட்.

"அதுக்குன்னு? செத்தவன் சட்டையில போய்ப் பங்கு கேப்பீங்களா? ஜனம் காறித் துப்பாது?"

"ஜனத்துக்கு அவன் மூஞ்சி மட்டுந்தான் தெரியும். எப்பவும் அதானே. கை என்னுது, பேர் அவனுது. இருந்துட்டுப் போவட்டும்."

பிரஷைத் தண்ணீர் டப்பாவில் போட்டார்.

"வயித்தெரிச்சல் புடிச்ச மனுஷன்" என்று சொல்லிவிட்டு மரியா மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினாள்.

பலகையில் சட்டையை மாட்டுவது, ஸ்கிரீனை இறக்குவது, மையை ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பாக இழுப்பது, தூக்குவது. தூக்கும் ஒவ்வொரு தடவையும் ரெமிஜியஸ் சிரித்தான். ஏழாவது சட்டையில் ஓஸ்வால்டுக்கு அவன்மேல் கோபம் வந்தது. பதினைந்தாவதில் போனது. இருபதாவதில் திரும்பி வந்தது. ஆனால் ஒரு சட்டையில்கூட மை திட்டாக விழவில்லை, ஒரு விரல்கூட மங்கவில்லை. மரியா ஒவ்வொன்றாகக் கொடியில் காயப்போட்டு எடுத்து, மேலே செய்தித்தாளைப் போட்டு இஸ்திரி தேய்த்தாள். சூடு காட்டினால்தான் மை நிற்கும். சூடு காட்டிவிட்டால் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது. வெளியே தூறல். கடைசி எட்டுச் சட்டைக்கு இஸ்திரி கிடைக்கவில்லை.

லாயிட் வந்து ஒன்றை விரித்துப் பார்த்தான். "ஐயோ, கை வந்துடுச்சே அங்கிள்."

"எடுத்தா தோள் போயிடும்."

அவன் சட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். "அப்போ இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு."

"இந்த எட்டும் பச்சை. கட்டிப்புடிச்சி அழுதீங்கன்னா அடுத்தவன் மேல ஒட்டிக்கும். சொல்லிடு."

"சாவுல எப்படி அங்கிள் கட்டிப்புடிக்காம..."

"தள்ளி நின்னு அழச் சொல்லு."

ஓசூர் ரோடு கல்லறையில் மழை விட்டு விட்டுத் தூறியது. நாற்பது பேர் நாற்பது ரெமிஜியஸைச் சுமந்து நின்றார்கள். ஓஸ்வால்ட் குழியைப் பார்க்கவில்லை, நெஞ்சுகளைப் பார்த்தார். எங்கே திரும்பினாலும் தம்பி தோளில் அவர் கை. ஃபாதர் ஜெபத்தை முடித்தார். பெட்டி கயிற்றில் இறங்கியது. யாரோ அவர் கையில் ஒரு பிடி மண்ணைத் திணித்தார்கள். போட்டார்.

அவருக்கு முன்னால் இரண்டு பையன்கள் மெல்லப் பேசிக்கொண்டார்கள்.

"பிரிண்ட் செமயா வந்திருக்கு மச்சா. யார் அடிச்சது?"

"யாரு, ரெமி அங்கிள் கடையிலதான்."

ஓஸ்வால்ட் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். செத்தவன் பெட்டியிலிருந்து எழுந்து போய் அடித்துவிட்டு வந்து படுத்தான் என்றாலும் நம்பும் ஜனம் இது. ஒருத்தன், ஒரே ஒருத்தன், இந்தக் கை யாருடையது என்று கேட்டானா?

"அண்ணே."

ஜெயராஜ் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். கண் வீங்கிக் கிடந்தது. அவன் போட்டிருந்தது அந்தக் கடைசி எட்டில் ஒன்று. மழையில் நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

"உங்க வெரலுதானே அண்ணே."

ஓஸ்வால்ட் திரும்பவில்லை.

"பன்னெண்டு வருஷம் அந்தப் போட்டோக்கு எதுர்லதான் நின்னு அடிச்சேன். எங்கனா மை திட்டா விழுந்துச்சுன்னா ரெமி அண்ணன் ஒண்ணும் திட்ட மாட்டாரு. போட்டோவக் காட்டுவாரு. 'அந்தக் கை இருந்தா இப்படி ஆவுமாடா?' அவ்ளோதான். தினம் இதே பாட்டு." ஜெயராஜ் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "உங்க மேல எனக்கு எம்மாம் எரிச்சல் தெரியுமாண்ணே. ஒருநாள் அந்தப் போட்டோவத் தூக்கிச் சாக்கடையில போடலாம்னுகூட எடுத்தேன்."

சாவில் எல்லோரும் நல்ல வார்த்தைதான் சொல்வார்கள். ஓஸ்வால்ட் அதில் ஒன்றையும் நம்பியதில்லை. ஆனால் எரிச்சல் என்று யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். அது அவருக்குத் தெரிந்த சரக்கு.

"ஏன் போடல?" என்று கேட்டார்.

"தெரியலண்ணே."

ஜெயராஜ் ஓரடி முன்னால் வந்தான்.

"ஈரம். தள்ளி நில்லு" என்றார் ஓஸ்வால்ட்.

அவன் தள்ளி நிற்கவில்லை. இரண்டு கையாலும் அவரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ஓஸ்வால்டின் கைகள் கொஞ்ச நேரம் பக்கவாட்டில் தொங்கின. அப்புறம் ஒரு கை எழுந்து அவன் தோளில் போய் உட்கார்ந்தது.

வீட்டு வாசலில் ஏறும்போதே மரியா பார்த்துவிட்டாள். "ஐயையோ! எவன் மேல போய் விழுந்தீங்க?"

வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் கொஞ்சம் மீசையும் நாலைந்து பல்லும் இருந்தன. கண் கலைந்திருந்தது. விரல்கள் மட்டும் நாலும் தெளிவாக விழுந்திருந்தன, வலதில் இருந்தது இடது பக்கமாக.

"கழட்டுங்க மொதல்ல. பச்சையா இருக்கறப்பவே தண்ணியில போட்டாதான் போவும். பூசைக்குப் போட்டுட்டுப் போறதுக்கு உங்ககிட்ட இருக்கறதே இது ஒண்ணு."

வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். ஓஸ்வால்ட் சட்டையைக் கழற்றினார். வாளியைத் தாண்டி மேஜைக்குப் போனார். கரண்ட் வந்திருந்தது. சட்டையைச் சுருக்கம் இல்லாமல் விரித்தார். இஸ்திரிப் பெட்டியைச் செருகிவிட்டு, பனியனோடு நின்று, அது சூடேறும்வரை காத்திருந்தார். பிறகு மேலே செய்தித்தாளைப் போட்டு, ஓரத்திலிருந்து ஓரம்வரை, அவசரப்படாமல் தேய்த்தார்.

மரியா வாளியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

காகிதத்தின் மூலையைத் தூக்கிப் பார்த்தார். மை காகிதத்தில் ஒட்டவில்லை.