கூட்டு நிறுவனத்துக்கு ஒரு வாய்

மறுநாள் அமாவாசை. அமாவாசைதோறும் ஆரணியில் தறிகளுக்கு விடுமுறை. ராமதாஸ் ஜட்காவைக் கொசப்பாளையம் திருப்பத்தில் நிறுத்தி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டினான். வண்டிக் கூரைமேல் கட்டியிருந்த ஹாரன் கரகரத்தது. எந்த வீட்டிலும் தறிச் சத்தம் நிற்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் அந்த இரண்டு தட்டுக்குத் தெருவே அடங்கியிருக்கும். மாதத்தில் ஒரு நாள் கிடைக்கிற ஓய்வை எந்தக் கொட்டகையில் கழிப்பது என்று தெருக்காரர்கள் முடிவு செய்வது அவன் வாயைக் கேட்டுத்தான். ராமதாஸ் சக்ரேஸ்வரி டாக்கீஸின் விளம்பர வண்டிக்காரன். வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்தில் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் மைக்கைத் தொடுவான். படம் நன்றாக இருந்தால் "குடும்பத்தோட வாங்க" என்பான். சுமார் என்றால் பாட்டுகளை மட்டும் புகழ்வான். தேறாது என்றால், "சக்ரேஸ்வரியில புது ஃபேன் போட்டுகிறோம், ஜில்லுனு காத்து வாங்கலாம்" என்பான். முதலாளிக்கு அது விளம்பரம். தெருவுக்கு அது தீர்ப்பு.

அதிலும் சந்தேகம் இருந்தால் பொன்மணி டாக்கீஸின் வண்டி பின்னாலேயே வரும். அதில் சம்பந்தம். சக்ரேஸ்வரி படத்தைப் பற்றி அவன் சொல்வதையும், பொன்மணி படத்தைப் பற்றி ராமதாஸ் சொல்வதையும் சேர்த்துக் கேட்டால் இரண்டு படங்களின் யோக்கியதையும் தெரிந்துவிடும். கோட்டை மைதானத்தில் இரண்டு வண்டிகளும் எதிர்ப்பட்டால் ஜனம் கூடிவிடும். "ராமதாசு, உங்க படத்துல கதை இன்டர்வெல்லுக்கு அப்பால வருதாமே, அதுவரிக்கும் இன்னா, பஜனையா?" என்பான் சம்பந்தம். "உங்க படத்துல அப்பாலயும் வரலியாம்பா," என்பான் ராமதாஸ். டிக்கெட் இல்லாமல் பார்க்கக்கூடிய அந்தக் காட்சி, பல வாரங்களில் டிக்கெட் வாங்கிப் பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

எழுபத்தெட்டாம் வருடம் தை மாதம் இரண்டு கொட்டகைகளும் ஒன்றாயின. சக்ரேஸ்வரி முதலாளி புஷ்பதந்தனும் பொன்மணி முதலாளி மணவாளனும் பத்து வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள். ஒருவர் ஃபேன் போட்டால் மற்றவர் சாய்வு நாற்காலி போடுவார். புதுப் படத்துக்கு இருவரும் முட்டிக்கொண்டு விலையை ஏற்றியதில் கொழுத்தவர்கள் விநியோகஸ்தர்கள்தான் என்று ஒருநாள் இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. விழா வைத்தார்கள். மாலை மாற்றிக்கொண்டார்கள். கல்யாணம் என்று நினைத்து இரண்டு பேர் மொய்க்கவரோடு வந்துவிட்டார்கள். புஷ்பதந்தன் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிற ஜைன நியமம் உள்ளவர். அதனால் அவர் பேச்சு சீக்கிரம் முடிந்தது. மணவாளனுக்கு அப்படி எந்த நியமமும் இல்லை. "போட்டியால் ஆரணி மக்கள் இதுவரை அனுபவித்துவந்த தொல்லைகள் இன்றோடு ஒழிந்தன," என்று அவர் முழங்கினார். என்ன தொல்லை என்று கூட்டத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஆனாலும் கைதட்டினார்கள்.

தொல்லைகள் வேகமாகவே ஒழிந்தன. கேன்டீன் சமையல் சக்ரேஸ்வரியின் ஜைன அடுப்படிக்குப் போனதும் பொன்மணி வடையில் வெங்காயம் ஒழிந்தது. எதிராளி இல்லாத ஊரில் எதற்கென்று பெண்கள் பக்கத்து ஃபேன்கள் நின்றன. புதுப் படம் நின்று, மற்ற ஊர்களில் ஓடித் தேய்ந்த படங்கள் வந்தன. அதிலும் ஒரே பிரதி, இரண்டு கொட்டகை. சக்ரேஸ்வரியில் ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் பொன்மணிக்குக் கொண்டுபோவார்கள். வழியில் பஞ்சர் என்றால் பொன்மணியில் கதாநாயகி தண்டவாளத்தில் கட்டுண்டபடியே இருக்க, விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

புஷ்பதந்தனின் அக்காள் மகன் ஞானசந்திரன் மேனேஜர் ஆனான். பி.காம். படித்தவன். சம்பந்தத்துக்கு ஒரு துண்டு போர்த்தி, "கூட்டு நிறுவனத்துக்கு ஒரு வாய் போதுங்க," என்று அனுப்பிவைத்தான். மிஞ்சிய வாய்க்குத் தானே எழுதிய காகிதத்தைக் கொடுத்தான். அதில் எல்லாப் படமும் தரமான படம். எல்லாப் படத்துக்கும் குடும்பத்தோடு வரவேண்டும்.

போன அமாவாசைக்கு ராமதாஸ் அதை அப்படியே படித்தான். மறுநாள் பட்டு நூல் சுற்றுகிற பாஞ்சாலை வண்டியை மறித்தாள்.

"தேசூர்லருந்து என் நாத்தனாரு, அவ மாமியாரு, பசங்கன்னு எட்டு பேரு வந்தோம்யா. நீ குடும்பத்தோடன்னு சொன்னன்னு."

"காயிதத்துல அப்பிடி எழுதிக் குடுத்துட்டாங்கக்கா."

"காயிதம் எனக்கு எதுக்கு? நான் உன் வாயத்தானே கேட்டேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு அந்தத் தெருவில் அவனுக்காகத் தறி நிற்கவில்லை.

இந்த வாரப் படத்தையும் பார்த்துவிட்டான். அதன் மூன்றாவது ரீலில் மழை பெய்தது. படத்தில் இல்லை, பிரதியில்; அவ்வளவு கீறல். "சார், இதுக்கு மட்டும் குடும்பத்தோடன்னு வாணாம் சார்," என்று காலையில் கேட்டுப் பார்த்தான்.

"வேற எங்க போவாங்க?" என்றான் ஞானசந்திரன், காகிதத்தை நீட்டியபடி. "ஒரு எழுத்து மாறக்கூடாது. மாறினா நானே படிச்சிக்கிறேன், நீ போலாம். பின்னாடியே வருவேன்."

சொன்னபடியே இப்போது பின்னால் லாம்பிரெட்டா ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தான், எஞ்சினை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு.

"சக்ரேஸ்வரி பொன்மணி கூட்டு நிறுவனம் பெருமையுடன் வழங்கும்..." என்று ராமதாஸ் ஆரம்பித்தான். தறிகள் அவன் குரல்மேல் ஏறி மிதித்து ஓடின.

"ராமதாசு!"

டீக்கடை பெஞ்சில் சம்பந்தம். கையில் கிளாஸ். மைக் இல்லாமலே அந்தக் குரல் தெருமுனை வரை போகும். "காயிதத்த மடிச்சி வெச்சிட்டுச் சொல்லு. நானும் படம் பாத்துட்டேன். நீ பாத்தியா?"

முதல் வீட்டில் தறி நின்றது.

"பாத்தேன்."

"எப்பிடிகீது?"

இரண்டாவது, மூன்றாவது. பிறகு எண்ண முடியவில்லை. நூல் கட்டையும் கையுமாகப் பாஞ்சாலை வாசலுக்கு வந்தாள். ராமதாஸுக்கு ஃபேன் ஞாபகம் வந்தது. பழைய வழியில் ஃபேனைப் பற்றிச் சொல்லித் தப்பிக்கலாம். இப்போது அதுவும் ஓடவில்லை. பின்னால் லாம்பிரெட்டாவின் ஸ்டாண்டு தரையில் இடிக்கும் ஓசை கேட்டது.

"இன்னாப்பா பேஜாரு, ஜல்தி சொல்லு. நாளைக்கு நான் வடை சுடணுமா, சினிமாவுக்குப் போணுமா?" என்றது உள்ளிருந்து ஒரு பெண் குரல். யாரோ சிரித்தார்கள்.

ராமதாஸ் காகிதத்தைப் பார்த்தான். பிறகு வண்டியிலிருந்து குனிந்து, மைக்கைப் பிடித்த கையை டீக்கடைப் பக்கம் நீட்டினான். வயர் இழுபட்டு விறைத்தது. இன்னும் நாலடி போதவில்லை. சம்பந்தம் கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்தபடி எழுந்தான்.