கேள்வித்தாள் போகாத தளம்

டாக்டர் உம்மு சல்மா அந்தக் கட்டடத்துக்குப் பதினோரு தடவை போயிருக்கிறாள். பேஸ்மென்ட்டுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. போக வேண்டிய தேவை வரவில்லை. அவளுடைய ஆய்வு மூன்றாவது மாடியிலிருந்து பன்னிரண்டாவது மாடி வரைதான்.

வேலையிடத்தில் மனிதர்கள் சுற்றுச்சூழலுக்காகத் தங்கள் பழக்கத்தை எப்போது மாற்றிக்கொள்கிறார்கள் என்பதைப் பத்தொன்பது வருடமாகப் பல்கலைக்கழகத்தில் அவள் ஆராய்ந்துவந்தாள். யாரும் மிரட்டாமல், தானாக முன்வந்து ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் பழக்கம் மாறும் என்பது அவள் கோட்பாடு. அதைச் செய்துபார்க்கக் கேலாங் பக்கம் ஒரு சரக்கு நிறுவனம் இடம் கொடுத்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆறே மாதத்தில் கட்டடத்தின் மின்சாரச் செலவு பதினோரு விழுக்காடு குறைந்தது. கட்டுரை நல்ல ஆய்விதழில் வந்தது. அடுத்த வியாழக்கிழமை நகரத்தில் நடக்கும் மாநாட்டில் முதல் உரை அவளுடையது. உரைக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. மின்மீட்டரின் படம்.

"மீட்டர் ரூம் கீழ ரெண்டாவது பேஸ்மென்ட்ல, பி டூல இருக்கு மேடம். லிஃப்ட்ட விட்டு எறங்கி லெஃப்ட்ல போங்க," என்றார் வரவேற்பில் இருந்த காவலாளி இஞ்ஞாசி. "ரொம்ப நேரம் நிக்காதீங்க லா, புழுங்கும்."

மணி இரண்டரை. லிஃப்ட் கதவு திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. சல்மா தடுமாறி இடதுக்குப் பதிலாக வலது பக்கம் திரும்பிவிட்டாள். கடைசியில் ஓர் இரும்புக் கதவு. தள்ளினாள். குப்பைகளைப் பிரிக்கும் அறை. கட்டிவைத்த அட்டைப் பெட்டிகள், கறுப்புப் பைகள், நசுக்கிய டின்கள். அட்டைக் கட்டுகளில் சாய்ந்து ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஓய்வெடுக்கிறார் என்றுதான் நினைத்தாள். "சாரி, மீட்டர் ரூம்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அந்தப் பெண்ணின் கண்கள் திறந்திருந்தன. ஆனால் அவை சல்மாவைப் பார்க்கவில்லை. உதடுகள் அசைந்தன.

"பஸ் போயிடும்டா... மார்வின், பஸ் போயிடும்..."

தொட்டாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அவ்வளவு கொதிப்பு. அந்தச் சூட்டில் ஒரு சொட்டு வேர்வைகூட இல்லை.

"யா அல்லாஹ்!"

சல்மாவின் போனில் சிக்னல் இல்லை. ஓடினாள். சரிவுப் பாதையின் அருகே ஒரே ஒரு கோடு கிடைத்தது. ஆம்புலன்ஸை அழைத்தாள். கத்திய சத்தம் கேட்டு இஞ்ஞாசி படிகளில் இறங்கி வந்தார். இருவரும் அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக இழுத்துக் காற்று வரும் சரிவுக்குக் கொண்டுவந்தார்கள். குப்பைத் தொட்டி கழுவும் ரப்பர் குழாயைத் திறந்து சல்மா அவர் மேல் தண்ணீர் பாய்ச்சினாள். நீலச் சீருடையில் பெயர் தைத்திருந்தது. அற்புதமேரி.

"அக்கா, கண்ணைத் திறங்க. அக்கா!"

"நான் சொன்னேன், இந்தம்மா கேக்கல," என்று இஞ்ஞாசி அழுகிற குரலில் சொன்னார். "ஒரு வருஷத்துக்கு மேலா பகல்ல ஃபேனைப் போடக் கூடாதுன்னு உத்தரவு. நாங்கல்லாம் திருட்டுத்தனமா போட்டுக்குவோம். இவங்கதான் வந்து வந்து அணைச்சிடுவாங்க."

"எந்த ஃபேன்? யார் உத்தரவு?"

இஞ்ஞாசி அறைப்பக்கம் கையைக் காட்டினார். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து அற்புதமேரியைத் தூக்கிச் சென்ற பிறகுதான் சல்மா திரும்பிப் போய்ப் பார்த்தாள். சுவரில் பெரிய காற்றுவிசிறியின் சுவிட்ச். அதற்கு மேல் ஒட்டியிருந்த அறிவிப்பில் பச்சை இலை. அவள் ஆய்வின் சின்னம். அதன் கீழே தமிழில்:

ஒவ்வொரு சுவிட்சும் பூமிக்கு ஒரு மூச்சு. பகல் 12 முதல் 5 வரை அணைத்துவைப்போம்.

முதல் வாக்கியம் அவள் எழுதியது. இரண்டாவது யாரோ சேர்த்தது. நாட்டின் நான்கு ஆட்சிமொழியிலும் சுவரொட்டி கேட்டார்கள். தமிழை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்காமல் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவளே எழுதினாள். 'சுவிட்ச்', 'மூச்சு' என்று சத்தம் பொருந்தி வந்ததில் சந்தோஷப்பட்டு வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். அட்டைக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவமனையில் சொன்னார்கள்: உடல் வெப்பம் நாற்பத்தொன்றுக்கும் மேல், சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது, இரண்டு நாள் கழித்துத்தான் எதுவும் சொல்ல முடியும். மகன் மார்வின் உணவு விநியோகிக்கும் சட்டையோடு மூச்சிரைக்க ஓடிவந்தான். "நீங்க யாரு, மேடம்?" என்று கேட்டான்.

"அந்த பில்டிங்ல... ஒரு வேலையா வந்தேன்," என்றாள் சல்மா.

மறுநாள் காலை கட்டட நிர்வாகி திலீப்பின் அறையில் போய் நின்றாள். "பதினோரு பர்சென்ட்னு மொத்தக் கணக்குதான் எனக்குக் குடுத்தீங்க. மாடி வாரியா வேணும்."

திலீப் இரவு தூங்காதவர் போலிருந்தார். கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

மூன்று முதல் பன்னிரண்டு மாடி வரை குறைந்தது, அந்தப் பதினொன்றில் அரை விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கூட. மீதியெல்லாம் கீழே. வண்டி நிறுத்துமிடத்தின் காற்றோட்டம், சரக்கு இறக்கும் இடம், குப்பை அறை, துப்புரவாளர்கள் சாப்பிடும் அறையின் குளிர்சாதனம்.

சல்மா மறுபடி மறுபடி படித்தாள். எண்கள் மாறவில்லை.

"மேல யாருமே மாறலையா?"

"கையெழுத்துப் போட்ட மொத வாரம் கொஞ்சம் குறைஞ்சுது. அப்புறம் பழையபடிதான். எனக்கு மேலேர்ந்து டார்கெட் டாக்டர். எங்க குறைக்கிறது? உங்க ரிப்போர்ட்டைத்தான் பாத்தேன்." மேசையிலிருந்த அறிக்கையைப் புரட்டினார். "பக்கம் முப்பத்தொண்ணு. நீங்களே படிங்க."

'ஊழியர்களின் வசதியைப் பாதிக்காத பகுதிகளில் சேமிப்பை முதலில் தொடங்கலாம்.'

"கீழ இருபத்து மூணு பேர் வேலை பாக்குறாங்க, திலீப்!"

"அவங்க எங்க ஊழியர் இல்லையே, டாக்டர். கான்ட்ராக்ட். உங்க சர்வே லிஸ்ட்லயும் அவங்க கிடையாதே." அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே குழம்பிப்போன மனிதரின் குரல் அது.

கேள்வித்தாளைச் சல்மா நிறுவன மின்னஞ்சலுக்குத்தான் அனுப்பியிருந்தாள். அந்த இருபத்து மூன்று பேருக்கும் நிறுவன மின்னஞ்சல் இல்லை. அவ்வளவுதான். யாரும் எதையும் மறைக்கவில்லை. அவள் கேட்கவே இல்லை.

அன்று மாலையே மாநாட்டு உரையை ரத்து செய்தாள். கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாகத் துறைக்கும் எழுதினாள். துறைத் தலைவர் ரித்திக் அவளை அழைத்து, "ஒரு சின்னத் திருத்தம் போட்டா முடிஞ்சுது. கட்டுரையையே வாபஸ் வாங்கணுமா? பேரு போயிடும், சல்மா," என்றார்.

"முடிவே தப்புங்க. எதைத் திருத்துறது?"

பேஸ்மென்ட் விசிறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. நிறுவனத்தின் மேல் விசாரணையும் வந்தது. ஒன்பதாம் நாள், அற்புதமேரியை சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று மார்வின் செய்தி அனுப்பினான். சல்மா பார்க்கப் போனாள்.

அற்புதமேரி எழுந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயதுக்கு மெலிந்த உடம்பு. வலது கையில் மருந்துக் குழாய். பார்த்ததும் சிரித்தார்.

"நீங்கதான் தண்ணி ஊத்துனீங்களாமே. மகன் சொன்னான். ஆண்டவர் உங்களை நல்லா வச்சிருப்பார்."

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்." வழியெல்லாம் கோர்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. "சுவிட்சுக்கு மேல இருந்துச்சே, அந்த நோட்டீஸ். அதை எழுதுனது நான்."

அற்புதமேரி முகம் மலர்ந்தது. சல்மா அதை எதிர்பார்க்கவில்லை.

"நீங்களா! தமிழ் அவ்வளவு நல்லா இருந்துச்சு, மேடம். அங்க தமிழ்ல ஒட்டுறதெல்லாம் 'தொடாதே', 'துப்பாதே'தான். இது ஒண்ணுதான் மனுஷன்கிட்ட பேசுற மாதிரி இருந்துச்சு. மேல எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்களை யாரும் கேக்கல. சரி, பேப்பர் வராட்டி என்ன, நம்ம பங்கை நாம செய்வோம்னு நெனச்சேன். இஞ்ஞாசி ஃபேனைப் போட்டா நான் போய் அணைச்சிடுவேன். சண்டையே வந்திருக்கு."

நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. யாரும் மிரட்டாமல், தானாக, கடைசிவரை உறுதிமொழியைக் காப்பாற்றியது இந்த ஒரே ஒருவர். இவரிடம் யாரும் கையெழுத்தே கேட்கவில்லை.

"எவ்வளவு மிச்சமாச்சு மேடம்? அந்த ஒரு ஃபேன்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். நோயாளி. ஆனால் சல்மா அந்தக் கணக்கைப் பார்த்திருந்தாள்.

"அந்த ரூம் ஃபேன் மட்டும்னா... கணக்குல தெரியிற அளவுக்கு ஒண்ணுமில்லைக்கா. கார் பார்க் ஃபேனுங்கதான் பெருசு."

"அப்போ மேல இருக்கிறவங்க?"

"அவங்க பெருசா எதுவும் மாத்தல."

"கையெழுத்துப் போட்டாங்களே?"

"போட்டாங்க."

அற்புதமேரி சல்மாவையே பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போனது. மருந்துக் குழாய் குத்தியிருந்த கையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டார்.

"நாலு நாள் எனக்கு நெனவே இல்ல. மகன் சர்ச்சுல போய் உக்காந்து அழுதிருக்கான்." குரல் உயரவில்லை. "நீங்க ஒரு தடவை கீழ வந்து பாத்திருக்கலாம், மேடம்."

"ஆமாம்."

"இப்ப போங்க. எனக்கு உங்க மொகத்தைப் பாக்க முடியல."

சல்மா போய்விட்டாள். பேருந்து நிறுத்தத்தில் எத்தனை பேருந்தை விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் கணவர் நூர்தீன் என்னவென்று கேட்டதற்கு, "நான் ஒருத்தரைக் கொன்னிருப்பேன்," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஐந்து வாரத்தில் பல நடந்தன. துப்புரவுக் குத்தகை எடுத்த நிறுவனமும் கட்டட நிர்வாகமும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. திலீப்பை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். சல்மாவின் பெயரை இரண்டு ஆய்வுக் குழுக்கள் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. அவள் தினமும் மத்தியானம் பி டூவுக்குப் போய் உட்கார்ந்தாள். முதல் வாரம் யாரும் அவளிடம் பேசவில்லை. இரண்டாவது வாரம் இஞ்ஞாசி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதன் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். மேல்மாடிகளில் வெறும் கூட்ட அறைகளில் குளிர்சாதனம் நாள் முழுக்க ஓடுவது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எந்த அறை, எத்தனை மணி என்றுகூடச் சொன்னார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"அற்புதமேரி பேசுறேன். தேக்கா மார்க்கெட்டுல இருக்கேன். வர்றீங்களா?"

உணவங்காடியின் மூலை மேசையில் சீனி போடாத தேநீரோடு அவர் உட்கார்ந்திருந்தார். இனிமேல் சூட்டில் வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாலர் பள்ளி ஒன்றில் சமையலறை உதவிக்குப் பேசிக்கொண்டிருக்கிறாராம்.

"கட்டுரையை வாபஸ் வாங்குறீங்கன்னு இஞ்ஞாசி சொன்னாரு. அதுல காரணம் எழுதுவீங்களா?"

"எழுதியிருக்கேன்." சல்மா போனில் காட்டித் தமிழில் சொன்னாள். "'கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர் ஒருவர் கடும் வெப்பத்தால் பாதிக்கப்பட்டதைத் தொடர்ந்து...'"

"ஒருவரா?"

"ஆய்வு விதிப்படி பேரைச் சொல்லக் கூடாதுக்கா. உங்களைப் பாதுகாக்கத்தான்."

"உங்க கையெழுத்து லிஸ்ட்டுலேயும் என் பேரு இல்ல. பேரில்லாததுனாலதானே இவ்வளவும்?" அற்புதமேரி கோப்பையைக் கீழே வைத்தார். "என் பேரைப் போடுங்க."

சல்மா ரித்திக்கை அழைத்தாள். அவர் நெறிமுறைக் குழுவைக் கேட்டார். எழுத்துமூலம் சம்மதம் இருந்தால் ஆய்விதழிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அதுவரை இருவரும் அந்த மேசையிலேயே இருந்தார்கள். அற்புதமேரி இன்னமும் அவளை மன்னித்ததாகச் சொல்லவில்லை. சல்மாவும் கேட்கவில்லை.

பக்கத்துக் கடையில் படிவத்தை அச்செடுத்து வந்தாள் சல்மா. அற்புதமேரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். புரியாத இடத்தில் விரலை வைத்துக் கேட்டார். சல்மா விளக்கினாள். கடைசியில் பெயர் அச்சிட்டிருந்த இடத்துக்கு வந்ததும் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார்.

"ரெண்டு வார்த்தையா பிரிச்சிருக்கீங்க. சேத்து எழுதணும்."

சல்மா திருத்தினாள். அவர் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.